அழுங்கு

பெயரை வைத்தது நாங்களில்லை, மாங்குளத்தார்.
அந்த வருசம் ஒரு கோலும் அடிக்காமல்
பதினொரு பேரும் எங்கள் கம்பத்தடியிலேயே
சுருண்டு கிடந்தோம்.
"அழுங்குக் கூட்டம்" என்று சிரித்தார்கள்.
சரியென்று அடுத்த கிழமையே பனரில் எழுதினோம்.
சிங்கம், கழுகு, காளை எல்லாம் போய்விட்டன.
மிஞ்சிய ஒரு மிருகத்தைப்
பதிவுப் படிவத்தில் எழுத ஒருத்தருக்கும் துணிவில்லை.

உடுப்பு உரப்பையில் தைத்தது.
செதிலுக்குப் பால்மாப் பைக்கற்,
கழுவி, வெட்டி, வெள்ளிப்பக்கம் வெளியே.
நானூற்றுப் பன்னிரண்டு வேண்டும்.
கரிப்பட்டமுறிப்பில் அவ்வளவு மா கரைப்பாரில்லை,
ஒலுமடுவுக்கும் ஆள் விட்டோம்.
மா விலை ஏறிய மாதம்
முதுகு பாதியில் நின்றது.
வால், மோட்டார்சைக்கிள் ரியூப்.
மூக்கு, மண்ணெண்ணெய்ப் புனல்.

உள்ளே யாரென்று கேட்கக்கூடாது, அது கழக விதி.
ரீலோட் கடைக் கலைவதனி என்பது
பந்து பொறுக்கும் பொடிக்கும் தெரியும்.
இடைவேளையில் நடுக்கோட்டிலிருந்து மூலைக்கொடிவரை
உருண்டு போவாள்.
பிள்ளைகள் எண்ணுவார்கள்: பதினேழு, பதினெட்டு...
ஜெயக்கொடி ஒவ்வொரு ஆட்டத்துக்கும்
சிரட்டையில் கறையான் கொண்டு வருவாள்.
"திண்டிட்டு உருளச் சொல்லு,
போனமுறை பசியோடதான் தோத்தது."

ஆவணியில், ஒட்டுசுட்டான் மைதானத்தில்,
குகதாசன்ரை முழங்காலில் பட்ட பந்து
அவனுக்கே தெரியாமல் உள்ளே போனது.
இரண்டு வருசத்தில் முதல் கோல்.
எங்கட பெடியன் ஒருத்தன்
மறைத்து வைத்திருந்த சீனவெடிக் கட்டைக் கொளுத்தினான்.

அழுங்கு சுருண்டது.
பிள்ளைகள் கைதட்டி எண்ணத் தொடங்கினார்கள்.
ஒன்று.
உருளவில்லை.
முழங்கால் நெஞ்சில், நெற்றி முழங்காலில்,
பிடரியில் இரண்டு கையும் கோத்து.
இருபது தாண்டிய நாங்கள்
தட்டிய கையை அப்படியே வைத்திருந்தோம்.
அந்தச் சுருளலை
அவள் எங்கள் கழகத்தில் பழகவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார்.
மாங்குளத்துக் கோலி
கையுறையைக் கழற்றிப் புல்லில் குந்தினான்.
ஜெயக்கொடி கோட்டைத் தாண்டிப் போய்
சிரட்டையைப் புனலடியில் வைத்து,
சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள்:
"எங்கட வெடி, பிள்ளை.
கோல் அடிச்சதுக்கு. எங்கடதான்."

எவ்வளவு நேரமென்று
மணிக்கூடு பார்த்தவர் ஒருவருமில்லை, நடுவரும்தான்.
முதலில் வால் அசைந்தது.
பிறகு நாலு கோல் வாங்கித் தோற்றோம்.

இப்போது வெடியில்லை.
ஆளுக்கொரு வெறும் பால்மாப் பைக்கற்.
கோல் விழுந்தால் எல்லோரும் கசக்குவோம்,
இரவில் சருகுக்குள் ஏதோ நடப்பதுபோல
மைதானம் சுற்றி ஒரு சரசரப்பு.
அதற்கு அவள் ஒருமுறைகூடச் சுருண்டதில்லை,
புனலைத் தூக்கி நாலு பக்கமும் மோப்பம் பிடிப்பாள்.

இந்த வருசம் இரண்டு தரம் கசக்கினோம்.
ஒன்று ஓஃப்சைட்.