பத்து டிகிரி வித்தியாசம்

விடியுமுன்னே வந்துவிட வேண்டும்.
வெயில் பட்ட சுவர் பொய் சொல்லும்,
மழையில் நனைந்த சுவரும்.
காற்றும் ஓய்ந்திருக்க வேண்டும்.
ஸ்ட்ரோம்னெஸில் அந்த ஒன்றுக்காக மட்டும்
பதினோரு நாள் காத்திருந்தேன்.

பிப்ரவரி. காலை ஐந்தரை.
கல் பாவிய தெருவில் நானும்
கவுன்சில் கொடுத்த வெப்பக் கேமராவும்.
பொத்தானை அழுத்தத் தோதாகக்
கையுறையில் ஒரு விரலைக் கத்தரித்திருக்கிறேன்.
அந்த விரல் மட்டும் என்னோடு பேசுவதில்லை.

முதலில் இங்கா ரெண்டலின் வீடு.
ஜன்னல் விளிம்பெல்லாம் மஞ்சள்,
கதவடியில் ஆரஞ்சுக் கீற்று,
பரணில் விரித்த பஞ்சு எட்டாமல் போன மூலையில்
கொதிக்கக் கொதிக்க ஒரு வெள்ளை.
"இதற்கா மாதம் முந்நூறு பவுண்டு?"
ஆமாம் இங்கா,
தெருவுக்குக் குளிர்காயக் கொடுத்திருக்கிறாய்.
அந்த மூலைக்கு நேர் மேலே
ஆறு ஸ்டார்லிங் குருவிகள்
தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன.
அவற்றுக்குக் கேமரா தேவைப்படவில்லை.

எட்டாம் எண்ணில் புதிதாகக் குடிவந்த தம்பதி.
பூசி மெழுகிய கூடச் சுவருக்குள்
செங்குத்தாக ஒரு சிவப்பு:
அடைத்துவிட்டதாகச் சொல்லி விற்ற புகைபோக்கி.
"நான் அப்போதே சொன்னேனா இல்லையா"
என்று தொடங்கினாள் அவள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் இந்தக் கேமரா பார்க்காது;
பார்ப்பவரையே திருப்பிக் காட்டும்.
சிவந்த முகம் ஒன்று தெரிந்தது,
நடுவே நீலமாக என் மூக்கு.

பன்னிரண்டாம் எண்.
கதவு நீலம், கூரை நீலம்,
சட்டங்கள், இடுக்குகள், மூலைகள் எல்லாம்
ஒரே சீரான நீலம்.
ஒரு கசிவில்லை.
இத்தனை வருடத்தில் இப்படியொரு வீட்டை நான் கண்டதில்லை.
பாராட்டத்தான் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் எட்வின் ஐஸ்பிஸ்டர்,
படகுத்துறையில் முப்பது வருடம் கயிறு வாங்கிக் கட்டியவர்.
மேல்கோட்டு, தொப்பி,
வீட்டுக்குள்ளேயே வாயில் புகை.

"முந்தின இரவே ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்லிக்
கடிதம் வந்திருக்குமே?"
"போட்டேனே. அரை மணி."

உள்ளுக்கும் வெளிக்கும்
பத்து டிகிரியாவது வித்தியாசம் இருந்தால்தான்
இது எதையாவது காட்டும் என்றேன்.
"இங்கே எவ்வளவு?"
"ஐந்து."
"அப்படியென்றால் எதுவும் வீணாகவில்லை,"
என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட.

அறைக்குள் கேமராவைத் திருப்பினேன்.
நாற்காலியில் இன்னொரு எட்வின் உட்கார்ந்திருந்தார்,
முதுகும் தொடையும் முழங்கைகளுமாக,
தலை மட்டும் இல்லாமல்.
அங்கிருந்து கதவு வரை தரையில் ஏழு காலடிகள்,
நாற்காலியருகே இருந்தவை முதலில் அணைந்தன.
கெட்டிலின் வயிற்றில் ஒரு வாய் சூடு.

"நானும் பார்க்கலாமா?"
உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்தார்.
திரையில் கை அங்கேயே நின்றது.
ஐந்து விரலும் தெளிவாக,
பிறகு கட்டைவிரலைக் காணோம்,
பிறகு கை இருந்ததே தெரியவில்லை.
"வாங்கிக்கொள்கிறதே," என்று
இன்னொரு இடத்தில் வைத்தார்.
இன்னொரு இடத்தில்.
நான் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

காரில் படிவத்தை விரித்தேன்.
வெப்ப இழப்பு: அதிகம், நடுத்தரம், இல்லை.
மூன்றே கட்டங்கள்.
'இல்லை'யில் குறி போட்டு, அடித்து,
ஓரத்தில் எழுதினேன்:
அளக்க முடியவில்லை.
முதலில் வெப்பம் அனுப்பவும்.

கார் கதவு அதிர்ந்தது. காற்று எழுந்துவிட்டது.
இனி இன்றைக்கு எந்த வீட்டையும் பார்க்க முடியாது.
ஊருக்கு மேலே குன்றின்மீது
காற்றாலை ஒருமுறை முனகி
மெல்லச் சுற்றத் தொடங்கியது,
யாருக்கோ.