வெளிச்சமாகக் கழியும்

ஜம்பட்டா வீதி, இரண்டாம் மாடி, பின்பக்க அறை.
ஒரு ஃபேன், இரண்டு குழல் விளக்கு,
தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல்.
இவ்வளவும் சேர்ந்து ஒரே மாதத்தில்
நாற்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபது ரூபாவைத்
தின்றதாம்.

தின்ற பிறகுதான் எனக்குத் தெரியும்.
பில் கட்டும் வேலையை எப்போதோ
ஒரு கையெழுத்தோடு வங்கியிடம் விட்டிருந்தேன், சோம்பலில்.
ஐந்தாம் திகதி அது விசுவாசமாய்க் கட்டிவிட்டது.
ஏழாம் திகதி வாடகைச் செக்
போன வேகத்தில் திரும்பி வந்தது.
திரும்பியதற்கு ஒரு கட்டணம்.
அதை எடுக்கக் கணக்கில் காசில்லாததற்கு இன்னொன்று.
இல்லாதவளிடம் இல்லாமைக்கு அறவிடும் கணக்கை
எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள்?

படிக்கட்டின் கீழே, செருப்புகளுக்கு மேலே மீற்றர்.
ஃபோன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
நாலு, எட்டு, ஒன்று, எட்டு.
இல்லை.
நாலு, மூன்று, ஒன்று, எட்டு.
மூன்றின் திறந்த பக்கத்தில் ஒரு சிலந்தி
வலை கட்டி அதை எட்டாக்கி வைத்திருந்தது.

மின்சார சபை. நிலூக்கா என்று
சட்டையில் பெயர் குத்திய பெண்
என் உடைந்த சிங்களத்தை
ஒட்டி ஒட்டிக் கேட்டாள்.
படத்தைப் பெரிதாக்கினாள்.
"மக்குளுவா" என்றாள்.
அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
எட்டு விரல்களை மேசையில் ஓடவிட்டுக் காட்டினாள்.
பின்னால் வரிசையில் நின்றவர்
என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

பிழைதான், ஒத்துக்கொண்டார்கள்.
ஆனால் காசாக வராது.
வரும் பில்களில் கழியும்,
என் பாவனைக்குப் பன்னிரண்டு மாதம் செல்லும்.

வங்கியில்,
"பிழை எங்களுடையது இல்லை, மிஸ்.
நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம்."
"நான் ஒன்றுமே செய்யவில்லையே."
"அப்படியென்றால் அந்தச் சிலந்தியிடம்தான்..."
சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டு
ஒரு படிவம் நீட்டினார் அதிகாரி.

மூன்று கிழமை கழித்துக் கடிதம்.
இரண்டு கட்டணத்தில் ஒன்றை
நல்லெண்ணத்தில் திருப்பித் தருவார்களாம்.
அடியில் தமிழில்:
'ஏற்பட்ட பிளைக்கு வருந்துகிறோம்.'
சிவப்புப் பேனாவால் ளவை வெட்டி ழ போட்டேன்.
அதற்கு நான் கட்டணம் கேட்கவில்லை.

ஜெசிந்தா அன்ரி மேலே வந்தா,
இனிச் செக் வேண்டாம், காசாகத் தா என்று.
சுஹைராவிடம் மாறிய காசு மேசையில் இருந்தது.
நான் ஃபேனைப் போட்டேன். இரண்டு விளக்கையும் போட்டேன்.
குளியலறை பல்பையும்.
"என்ன பிள்ளை, பட்டப்பகலில இவ்வளவு லைற்?"
"ஒரு வருசத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கு, அன்ரி."
அவ நம்பாமல் ஒருமுறை கூரையைப் பார்த்தா.
பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு
நோட்டுகளை ஒவ்வொன்றாய்
அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.
"இது கிழிஞ்சிருக்கு," என்றா. "மாத்தித் தா."