இறுவெட்டு

பேர்ணிலிருந்து மருமகள் துஷ்யந்தி அனுப்பின பெட்டி
அக்கராயன் தபால் கந்தோருக்கு வந்து சேர ஒன்பது கிழமை.
நாற்பத்து நாலு வருசம் காத்திருந்த படம்,
ஒரு சீனிப் பைக்கற்றின் பாரம்கூட இல்லை.

உள்ளே மூன்று இறுவெட்டு.
கொட்டகையில் ஓடினது ஒன்று,
கசெற்றில் வந்தது ஒன்று,
இரண்டிலும் இல்லாத துண்டுகள் ஒன்று.
யார் வைத்த பெயரோ,
கடைசி வெட்டு என்றுதான் என் காதில் விழுகிறது.

போட்டுப் பார்க்கிற பெட்டி இப்போது யாரிடம் இருக்கு?
கோணாவில் றேடியோக் கடையில் வாடகைக்கு எடுத்தோம்,
முந்நூறு ரூபா, விடியத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
ரிமோட்டுக்குப் பற்றரி இல்லை.
சுவர் மணிக்கூட்டில் இருந்ததைக் கழற்றிப் போட்டார் இவர்.
ஆறு நாற்பதில் நின்றது நேரம்.

கலியாணம் முடித்து நாங்கள் பிடித்த முதல் சண்டை
இந்தப் படத்தின் முடிவைப் பற்றி.
எண்பதில், கிளிநொச்சிக் கொட்டகையில், நான் பார்த்தது:
வான்கதவு திறக்கும்,
பொன்னாச்சியின் வயலுக்குள் தண்ணீர் பாயும்,
வாங்குக்காரர் விசிலடித்தார்கள்.
தொண்ணூற்றிரண்டில், மல்லாவியில்,
ஜெனறேற்றருக்கு ஆளுக்கு ஐந்து ரூபா கொடுத்து இவர் பார்த்தது:
கதவு திறக்காது.
பொன்னாச்சி குளக்கட்டில் குந்தியிருப்பாள், அவ்வளவுதான்.
"நீ கனவு கண்டிருக்கிறாய்."
"மண்ணெண்ணெய் முடிஞ்சு நிண்டதை முடிவெண்டு சொல்லாதேங்கோ."
மூன்று இடப்பெயர்வு, இரண்டு பிள்ளைகள்,
ஒரு தறப்பாள் கொட்டில்,
எங்கே போனாலும் அந்தச் சண்டையையும் தூக்கிக்கொண்டு போனோம்.

முதலாவதில் கதவு திறந்தது.
நான் இவரைப் பார்த்தேன்.
இரண்டாவதில் திறக்கவில்லை.
இவர் என்னைப் பார்க்காமல் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்தார்.
இரண்டு பேரும் சரி.
வெட்டிக் கழுவின மீன்சட்டி மாதிரி
நடுவில் ஏதோ காலியாகக் கிடந்தது.

மூன்றாவதைப் போட எனக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் தவனேசன்.
என் தமையன்.
அக்கராயன் குளக்கட்டில் மூன்று இரவு
பெற்றோமாக்ஸ் பிடித்து நடித்தேன் என்றான்.
பத்து ரூபாவும் பணிசும் தந்தவங்கள் என்றான்.
குடும்பமாய்ப் போனோம், ட்ரக்டர் பெட்டியில்.
"அடுத்த சீன், பொறு" என்றான்,
"இனித்தான், அடுத்த சீன்",
வெளிச்சம் போட்டு ஆட்கள் எழும்புமட்டும்.
அன்றையிலிருந்து அவன் பெயர் புளுகன்.
ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.
தொண்ணூற்றாறில், ஸ்கந்தபுரத்து மரத்தடியில்,
மலேரியாக் காய்ச்சலில் பிதற்றினபோதும்
ஏதோ வெளிச்சத்தைப் பற்றித்தான் சொன்னான்.
புளுகன் அண்ணா, பேசாமல் படு என்றேன்.

ஒலி கிடைக்கவில்லை என்று எழுத்துப் போட்டார்கள்.
இரவு. மண்மூட்டை தூக்குகிற ஆட்கள்.
ஓரத்தில் ஒரு கை, கையில் பெற்றோமாக்ஸ்,
பிறகு மடித்துக் கட்டின சாரம்,
பிறகு முகம்.
கமெராவைப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள்.
அவன் நேரே பார்த்தான்.
பார்த்துச் சிரித்தான்.
அதனால்தான் வெட்டியிருக்கிறார்கள்.
பதினொரு செக்கன்.

இவர் கோப்பையை நிலத்தில் வைத்தார்.
"அட, மச்சான்" என்றார்.
திருப்பிப் போட்டார். திருப்பித் திருப்பிப் போட்டார்.

ஏழாம் தரமோ எட்டாம் தரமோ
அவன் வாய் அசைகிறதைக் கண்டேன்.
"பணிஸ் எங்கை எண்டு கேக்கிறான்" என்றேன்.
"இல்லையப்பா, முடிஞ்சுதோ எண்டு கேக்கிறான்" என்றார்.
"என்ரை அண்ணன்ரை வாய் எனக்குத் தெரியாதோ?"
"உனக்கு எப்பவும் சாப்பாட்டு நினைப்பு."
"உங்களுக்கு எப்பவும் முடிவு."

குரல் உயர்ந்ததில் நாய் எழும்பிக் குரைத்தது.
திரும்பப் போடுங்கோ என்றேன்.
பெட்டியை விடியக் கொடுக்க வேண்டும்.
மணி என்ன என்று தெரியவில்லை.