கூடம் கோணல்

வெங்காயம் ஏற்றினால் துள்ளுகிறது,
இறக்கிவிட்டால் கொஞ்சம் சாது.
முறுக்கினால் வலப்பக்கம் இழுக்கிறது,
கையைத் தளர்த்தினால் இடப்பக்கம்.
சொல்லிவிட்டு அயம்போகா
ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள்,
எவனாவது நம்பினால்தான் இனி எடுப்பேன் என்பதுபோல.

பொல்கட்டங்காவில் மூன்று நாளைக்கு ஒரு சந்தை.
இருபது சந்தையாக இதையே சொல்கிறாள்,
மழை விட்ட நாளிலிருந்து.
முதலாளி அக்கோல்கோ
தேய்ந்த டயருக்கு அவள் கூலியில் பிடித்துக்கொண்டு
முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு,
பெண்பிள்ளைக்கு எண்ணிக்கை குழம்புகிறது என்றார்.
யாக்குபு பட்டறையில் முன் ஃபோர்க்கை மாற்றினார்கள்.
ஹேண்டில் பேரிங்கை மாற்றினார்கள்.
மாற்ற மிச்சமிருந்தது
ஓட்டுகிறவள்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
சரி.
கூடத்தை யார் அளந்தது?

காற்றைப் பார்த்தேன், சமம்.
சக்கரங்களைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை.
மீன்பிடி நரம்பை
முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு
இருபக்கமும் இழுத்துக் கட்டினேன்.
ஹர்மட்டான் காற்றில் நரம்பு விம்மியது;
அது அடங்கும்வரை
மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
இடமும் வலமும் ஒரே அளவு.
அக்கோல்கோ தொண்டையைச் செருமினார்.

ஒப்புக்கொள்கிறேன்,
அப்போது நானும்
அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தேன்.

நிற்கும்போது எல்லாரும் நேர்தான் என்றாள் அயம்போகா.
ஏற்று. தள்ளவிட்டு அள.

ஒன்பது மூட்டை ஏற்றினோம்.
முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து
முதல் கியரில், பாதி கிளட்ச்சில்
சுவரைத் தள்ளச் சொன்னேன்.
எங்கோ அடியில் ஒரு சத்தம்,
சொடக்குப் போட்டதுபோல.
அளந்தேன்.
வலப்பக்கம் பதினொரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.
ரிவர்ஸ் போட்டு, முன் பிரேக்கை இறுக்கி,
மறுபடி தள்ளவிட்டேன்.
மறுபடி சொடக்கு.
இப்போது ஏழு கூட.

ஒரே வண்டி, ஒரே மாலை, மூன்று அளவு.
அச்சு போன இடம்தான் வண்டிக்கு நேர்;
முறுக்கும்போது வலச்சக்கரம் முந்தும்,
வால் இடப்பக்கம் போகும், தலை வலப்பக்கம் திரும்பும்.
நண்டை நிமிர்த்தி ஓட்ட
ஹேண்டிலில் எத்தனை பலம் வேண்டும்?

அடியில் படுத்தேன்.
வெங்காயச் சருகு கண்ணில் விழுந்தது.
யூ-போல்ட் நட்டில் சாவி அரைச் சுற்று சும்மா போனது.
வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே
உரசி உரசிக் கண்ணாடியான ஒரு தடம்.
பட்டையைக் கழற்றியதும்
சென்டர் போல்ட் இரண்டு துண்டாக உள்ளங்கையில் விழுந்தது.

முறிந்த முகத்தில் பாதி வெள்ளி,
பாதி துரு.
வெள்ளி இந்த வாரத்தது.
துரு மழைக்காலத்தது.
முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
அக்கோல்கோ கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.
டயருக்குப் பிடித்த காசைப் பற்றி
ஒருவரும் பேசவில்லை.
அயம்போகா இரண்டு துண்டையும் வாங்கி
பர்ஸைத் திறந்து
சில்லறை கிடக்கும் அறையில் போட்டுக்கொண்டாள்.

புது போல்ட், புது நட்டுகள்.
கால் ஊன்றிச் சாவியை இழுத்து முறுக்கினேன்.
சுவரை மறுபடி தள்ளச் சொன்னேன். சொடக்கு இல்லை.
நரம்பு கட்டி அளந்தேன்.
ஏற்றியும் அளந்தேன். இறக்கியும் அளந்தேன்.

பவ்கு சாலையில் எடுத்தாள்.
நூறடிகூடப் போகவில்லை,
வண்டி இடப்பக்கம் சரிந்து
கினிக்கோழிக் கூண்டுகளை உரசிக்கொண்டு போனது.
பார்த்தீர்களா என்று அக்கோல்கோ வாயெடுத்தார்.
பொறுங்கள் என்றேன்.
வண்டியில் கோணல் இல்லை.
இருபது சந்தையாக இழுத்துப் பிடித்த கை
இன்னும் இழுத்துப் பிடிக்கிறது.
அதை நிமிர்த்தும் சாவி
என் பெட்டியில் கிடையாது.

இரண்டு முறை வளைந்தாள்.
பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது
ஒரு கையை எடுத்து
முகத்துத் தூசியைத் துடைத்தாள்.