முற்றுப்புள்ளி வேண்டாம்

எங்கள் கடலுக்கு ஏற்றவற்றம்
இல்லையென்றே சொல்லலாம்.
லியபாயாவில் நாள் முழுக்க நின்றாலும்
பால்டிக் இரண்டு விரற்கடை ஏறும், அவ்வளவுதான்.
அதையும் காற்று கலைத்துவிடும்.
நானோ நான்கு வருடமாக
ஓதம் கணிக்கும் நிரல் எழுதுகிறேன்,
பார்த்தேயிராத கரைகளுக்கு.

பகலில் பல் செய்கிறேன்.
மயிரிழை உயர்ந்தாலும் கடி சேராது,
திரும்பி வந்துவிடும்.
இரவில் அனுப்பும் திருத்தங்களும் அப்படித்தான்.
அறுபத்து மூன்று அனுப்பினேன்.
நாற்பத்தொன்று திரும்பின
கான்காலிலிருந்து, கூல்வெனிடமிருந்து.
"இந்த மாறிக்கு வேறு பெயர் வை."
"சோதனை எங்கே?"
"தலைப்பு வரியில் முற்றுப்புள்ளி வேண்டாம்."
அவர் முகம் தெரியாது.
ஒரே ஒரு முறை படம் அனுப்பினார்:
சேற்றில் இரண்டு ரப்பர் பூட்ஸ்,
பின்னால் கடல் இருந்த இடம்.

வியாழக்கிழமை,
சாம்பல் பட்டாணி வெந்துகொண்டிருந்தபோது மெயில்.
"உனக்கு எழுதும் உரிமை கொடுத்துவிட்டேன்.
இனி நேரடியாகவே சேர்க்கலாம்.
என்னைக் கேட்க வேண்டாம்."
ராய்வோ கேட்டான்: "சம்பளம் உண்டா?"
இல்லை.
"அப்புறம் எதற்குக் கை கழுவுகிறாய்?"

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு,
கூல்வெனுக்கும்.
என் மூன்றாவது திருத்தத்தில் ஒரு பிழை.
ஆண்டின் கடைசி நள்ளிரவைத் தாண்டும் ஓதத்துக்கு
நான்கு நிமிடம் தவறவிட்டேன்.
சிப்பி பொறுக்குகிறவர்கள்
அதை நம்பித்தான் மணலில் இறங்குகிறார்கள்.
நான்கு நிமிடத்தில் யாரும் மூழ்கியதாகத் தெரியவில்லை.
தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.
மார்ச்சிலேயே கண்டேன்.
சொன்னால் இந்த மெயில் வராது என்று
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.
கூசும் பல்லை நாக்கு
போய்ப் போய்த் தொடும் இல்லையா, அப்படி.

எந்த வரி யார் எழுதியது என்று காட்ட
ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயரே பழி.
தட்டினேன்.
வரி இருநூற்றுப் பதினெட்டு: இல்வியா.

இப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.
வேறு பத்து மாற்றங்களுக்கு நடுவே
சத்தமில்லாமல் செருகிவிடலாம்.
எனக்குக் கொடுத்திருப்பது
அந்த வசதியும்தான் என்று
அப்போதுதான் உறைத்தது.
பட்டாணி அடிப்பிடித்தது.

பதினொரு முறை வாசித்தேன்.
தனியாகவே சேர்த்தேன்:
"வருடக் கடைசி ஓதப் பிழைத் திருத்தம்."
அதன் கீழே,
"பிழை என்னுடையது. மார்ச் முதல் தெரியும்."
மூன்று விநாடி.
கதவே இல்லாத இடத்தில்
தட்டுவதற்குக் கை தூக்கியவள் போல் இருந்தேன்.
போய்விட்டது.

காலையில் பிளாஸ்டர் கலக்கும்போது பதில் வந்தது.
இரண்டு கையும் வெள்ளை,
மூக்கு நுனியால் திறந்தேன்.
ஒரே வரி:
"தலைப்பு வரியில் முற்றுப்புள்ளி."

உண்மைதான், இருக்கிறது.
சேர்த்ததை இனி மாற்ற வழியில்லை.
ஓதம் வந்து போகும் கரைக்கெல்லாம்
அந்தப் புள்ளியும் போய்ச் சேர்ந்திருக்கும்