ஃபிராங்க்ஃபர்ட்டில் மழை

விடிகாலை ஐந்து. கிளக்ஸ்விக் துறைமுகத்தில்
டிசம்பரில் வெளிச்சம் வரப் பத்து மணியாகும்.
ரன்வா சம்பளம் போட உட்கார்ந்திருக்கிறாள்.
ஒன்பது பேர். மீன் வெட்டுகிற கைகள்.

விபிஎன் அவளை ஃபிராங்க்ஃபர்ட்டில் நிறுத்தியிருக்கிறது.
வங்கி கேட்கிறது: ஜெர்மனியில் உனக்கென்ன வேலை?
வேறேதோ முகவரிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது.
கடவுச்சொல் பெட்டகம் அதைப் பார்த்து
வாயே திறக்க மாட்டேன் என்கிறது.
பிரவுசர் மட்டும், கேட்காமலே,
பந்திக்கு முந்துகிறவனைப்போல்
பழைய சொல்லொன்றை எடுத்து நீட்டுகிறது.

மூன்றும் காவலுக்கென்று வைத்தவை.
வீட்டுக்காரியை வாசலிலேயே மறித்துவிட்டன.

‘எல்லாவற்றையும் நோண்டாதே, ஒவ்வொன்றாய் அணை’
தொலைபேசியில் ஹோக்னி, கொட்டாவிக்கு நடுவே.
விபிஎன்னை அணைத்தாள். சரியான பக்கம் வந்தது.
பெட்டகமும் திறந்தது.
ஆனால் அது நிரப்ப, பிரவுசர் மேலே வந்து நிரப்ப,
தவறு, தவறு,
இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

‘பிரவுசர் எதை வைத்திருக்கிறது, பார்.’
கண் படத்தைத் தொட்டாள்.
கறுப்புப் புள்ளிகள் எழுத்தாகின:
யாக்குப். பின்னால் அவன் படகின் எண்.
அவன் ஆல்போர்க் போய் நாலு வருஷம்.

‘என்ன இருக்கிறது?’
‘ஒன்றுமில்லை. பழசு.’
அழிக்கவா என்றது. அழுத்தினாள்.
நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது,
அதற்கென்ன அக்கறையோ.

ஆறுக்குச் சம்பளம் போய்விட்டது.
வங்கிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு
விபிஎன்னைத் திரும்பப் போட்டாள்.
ஃபிராங்க்ஃபர்ட்டில் மழைபோலிருக்கிறது:
செய்திப் பக்கத்து ஓரத்தில்
யாரோ அவளுக்குக் குடை விற்கிறார்கள்.