கசடு

முனிகிருஷ்ணாவின் தலைக்கு
நாலு முட்டையின் வெள்ளைக்கரு போகும்.
மஞ்சள் கருவை மற்ற மூவரும்
வெங்காயம் போட்டு வதக்கித் தின்போம்.
ஒத்திகையின் முதல் பாதி இது.

ஆரம்பாக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி
எட்டுக்குப் பத்து அறை.
சூலூர்ப்பேட்டைக்குப் போகும் கடைசி மின்ரயில்
சன்னலை உலுக்கும்போது மட்டும்
எங்கள் தாளம் சரியாக இருக்கும்.

"பங்க் பேண்ட்" என்றதும்
வீட்டுக்காரர் ரெட்டி கேட்டார்:
"எந்த பங்க்? ஹைவேல இருக்கே, அதுவா?"
இல்லை என்றதும் முனியின் தலையைப் பார்த்தார்.
"ஓ, சலூன் பங்க்கா."
எங்கள் பக்கத்தில்
பங்க் என்றால் முதலில் பெட்ரோல்,
அப்புறம் முடி.
சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

பேர் கசடு.
கும்மிடிப்பூண்டி உலையில்
உருகிய இரும்புக்கு மேலே மிதக்கும்,
வழித்து வெளியே கொட்டுவோம்.
அந்த வேலை எனக்கு.

என் மேடைச் சட்டையில் நாற்பத்தொரு ஊக்கு.
கிழிசல்கள் நானே பிளேடால் போட்டவை.
தீப்பொறி விழுந்து ஓட்டையான ஆலைச் சட்டை
ஆணியில் தொங்கும்.
அதைப் போட்டுக்கொண்டு மேடையேற
என்னவோ கூச்சம்.

பேஸ் கிடாரில் எனக்குத் தெரிந்தது மூன்று இடம்.
நாலாவதற்கு விரல் போனால்
வெஸ்லி கண்ணை மூடிக்கொள்வான்,
ஊசிக்கு முன் குழந்தை மூடுவதுபோல.
சர்ச்சில் வளர்ந்த கை அவனுடையது.
எட்டாம் கிரேடு சான்றிதழை
லேமினேட் போட்டு வைத்திருந்தான்.
எங்களோடு ஏன் இருந்தான் என்று
அவன் போன பிறகுதான் யோசித்தோம்.

போகும்போது சொன்னான்:
"உங்களுக்குப் பாட்டு வேணாம்டா.
பாடறவன் மாதிரி நிக்கணும், அவ்ளோதான்."
முனி சொன்னான்:
"பன்னெண்டு மணி நேரம் ஃபர்னஸ் முன்னாடி நின்னுட்டு
மறுபடி வந்து நிக்கறேன் பாரு, அதான்டா பாட்டு."
நல்ல வசனம்.
ஆனால் அன்று அவனுக்கு வார விடுமுறை.

சரளா வாயே திறக்கவில்லை.
செல்போன் கம்பெனியில்
நாளுக்கு இரண்டாயிரம் திருகாணி முடுக்குகிறவள்
தன் டிரம்ஸில் ஒன்றை முடுக்காமல் விட்டிருக்கிறாள்.
சிம்பல் ஆடும்.
ஆடட்டும் என்பாள்.

தடாவில் கல்லூரி விழா.
இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது.
யாரோ ஒரு பையன் ஃபிளாஷ் அடித்தான்.
அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.
சிலிர்த்து நிற்கும் முடி,
கழுத்து நரம்பு,
உலகத்தையே திட்டுவதுபோல் திறந்த வாய்,
பக்கத்தில் மின்னும் என் நாற்பத்தொரு ஊக்கு.
முனி அப்போது கத்திக்கொண்டிருந்தது
"ஜெனரேட்டர் வெய்யண்ட்ரா!"

பதினோராயிரம் பேருக்குப் பிடித்தது.
பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள்.
ஒரு பாட்டு அனுப்புங்கள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

படத்தில் சரளா இல்லை.
வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.
அவள் இருந்த இடத்தில் கறுப்பு.
அந்தக் கறுப்பில்தான்
கரண்ட் வரும் வரைக்கும் நிறுத்தாமல் அடித்தாள்,
ஆடும் சிம்பலோடு, நாலு நிமிடம்.

மேடையைப் பார்க்காத ஒரே ஆள்
பின்னால் மெஸ்ஸில் அண்டா கழுவிய சுதர்சனம்.
சாமான் ஏற்றும்போது ஈரக்கையோடு வந்தார்.
"வண்டி ஏதோ மோதிக்கிச்சுன்னு ஓடி வந்தேன்.
அப்புறம் நின்னுட்டேன்.
இருட்டுல அடிச்சது யாரு?"
முனி கையைத் தூக்கினான்.
பிறகு மெதுவாக இறக்கிக்கொண்டான்.

பெங்களூர் போஸ்டர் வந்துவிட்டது, அதே படம்.
நேற்று ஒத்திகையில்
என் விரல் நாலாவது இடத்துக்குப் போனது.
கண்ணை மூட ஆளில்லை.
"இன்னொரு தடவ," என்றாள் சரளா.
தப்பு என்றும் சொல்லவில்லை,
சரி என்றும் சொல்லவில்லை.
இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.
முனி தலையில் பாதி நுரையோடு
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.
அடுப்பில் மஞ்சள் கரு
தீய்ந்துகொண்டிருந்தது.